"விழுகிற பல்லுக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு பாடு?"

ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே இருக்கும் ஒரு கடலோர ஊரிலிருந்து ஆசிரியை ஒருவர் பல் மருத்துவரான எனக்கு எழுதியிருக்கிறார். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்பும் சேர்த்து 41 பிள்ளைகள். ஊர்ப் பெயரும் பிள்ளைகள் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருந்தார். அடையாளம் தெரியக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் 17 பிள்ளைகள். அவர்களில் 12 பேருக்குப் பல்லில் கறுப்பு. ஏழு வயதுப் பையன் ஒருவன் கன்னம் வீங்கி ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. அப்பத்தா கிராம்பும் புகையிலையும் வைத்து அடக்கியிருக்கிறார். வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் ஈறில் ஒரு கொப்புளம் வருவதும் போவதுமாக இருக்கிறது. "அவுக அப்பா கடலுக்குப் போயிருக்காக, வந்ததும் பாப்போம்" என்கிறார் தாய். இதைப் பார்த்துப் பொறுக்காமல் ஆசிரியை தன் கைக்காசில் 17 பிரஷும் இரண்டு பேஸ்டும் வாங்கி, காலை உணவு முடிந்ததும் பிள்ளைகளைப் பல் துலக்க வைத்தார். நான்கு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் ஒரு தாய் வந்து சத்தம் போட்டார்: "பேஸ்ட முழுங்குறான். அதுல ஃப்ளோரைடுன்னு வெசம் இருக்காம், போன்ல வந்துச்சு. எம்புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? விழுகிற பல்லுக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு பாடு?" தலைமையாசிரியர் நிறுத்தச் சொல்லிவிட்டார். பிரஷ்கள் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் பீரோவுக்குள் இருக்கின்றன.

கேள்விகள்: நான் செய்தது தப்பா? எனக்கு அந்த உரிமை உண்டா? எங்கள் ஊர்த் தண்ணீரே கரிக்கும்போது ஃப்ளோரைடு பேஸ்ட் கொடுக்கலாமா? வேப்பங்குச்சி, பல்பொடி போதாதா? அந்தப் பையனை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா? கடைசியில், பின்குறிப்பு போல ஒரு வரி: "வகுப்புச் சுவரில் 'வெள்ளைப் பல்', 'கறுப்புப் பல்' என்று இரண்டு பத்தி போட்டுப் பெயர் எழுதி, சுத்தமாக இருப்பவர்களுக்கு நட்சத்திரம் ஒட்டினேன். அதன் பிறகு அந்தப் பையன் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்கிறான்."

டீச்சர், நீங்கள் செய்தது தப்பில்லை. பள்ளிகளில் பல் சுகாதாரத்துக்காக நடப்பதில் பெரும்பாலானவற்றைவிட உங்கள் நான்கு நாள் வேலைக்கு மதிப்பு அதிகம். வருடத்துக்கு ஒரு நாள் முகாம் போட்டு, பெரிய பிளாஸ்டிக் பல்செட்டைக் காட்டி, எப்படித் துலக்குவது என்று சொல்லிக்கொடுத்து, ஆளுக்கு ஒரு பிரஷ் கொடுத்து அனுப்புவது வழக்கம். குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் மருத்துவராக இதே மாவட்டத்தில் நானும் அப்படிப் பல முகாம்கள் நடத்தியிருக்கிறேன். மறு வருடம் போனால் பிள்ளைகள் நான் சொன்னதையெல்லாம் மடமடவென்று ஒப்பிப்பார்கள். வாயைத் திறக்கச் சொன்னால் சொத்தை அப்படியே இருக்கும், இரண்டு கூடியும் இருக்கும். தெரிந்துகொள்வதால் மட்டும் சொத்தை குறைவதில்லை. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு சேர்ந்த பேஸ்டில், தினமும் துலக்கினால்தான் குறைகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டு அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் வரிசையாக நின்று சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் பல் துலக்குவதும் அன்றாடப் பள்ளி வேலையாகவே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 'சைல்ட்ஸ்மைல்' திட்டத்தில் நர்சரிப் பிள்ளைகள் இப்படித்தான் தினமும் துலக்குகிறார்கள். நீங்கள் யாரும் சொல்லாமலே அந்த வழிக்கு வந்திருக்கிறீர்கள். செய்த விதத்தில் சில திருத்தங்கள் வேண்டும், அவற்றைச் சொல்கிறேன்.

அந்தத் தாய் கேட்ட கேள்வி

விழுகிற பல்தானே என்பதை நான் வாரம் தவறாமல் கேட்கிறேன். அதில் பாதி உண்மையும் இருப்பதால்தான் அது இத்தனை உறுதியாக நிற்கிறது. பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் விழுவதை எல்லோரும் பார்க்கிறோம். அதை வைத்து எல்லாப் பால் பற்களும் அப்போதே போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறோம். கடைவாயில் இருக்கும் பால் பற்கள் 10, 12 வயது வரை இருந்தாக வேண்டியவை. நான்கு வயதில் சொத்தை விழுந்தால் அந்தப் பல்லோடு பிள்ளை இன்னும் ஆறேழு வருடம் மென்று தின்ன வேண்டும், இரவில் தூங்க வேண்டும், உங்கள் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்ட வேண்டும். வேரில் சீழ் கட்டினால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைத்த பல்லின் குருத்தையும் அது கெடுக்கலாம். முளைக்கும்போதே பழுப்பும் குழியுமாக வரும் பற்களில் சில இப்படி வந்தவை.

இதைவிட முக்கியமான ஒன்றை அந்தத் தாயிடம் சொல்லுங்கள். ஏறக்குறைய ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. எதுவும் விழாமல் வருவதால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை, அதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது நிலைத்த பல், ஆயுளுக்கும் அதுதான். மென்று அரைக்கும் வேலையில் பெரும்பங்கு அதற்கு. ஆழமான பள்ளங்கள் உள்ள பல் என்பதால் முளைத்த முதல் இரண்டு வருடத்தில் சொத்தை விழும் ஆபத்தும் அதிகம். டீச்சர், அந்தப் பல் இப்போது உங்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாயில்தான் முளைத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் பிரஷ் வாங்கிய நேரம் தற்செயலாகவே மிகச் சரியான நேரம். "விழுகிற பல்லுக்காக இல்லம்மா, இப்ப மொளைக்குதே, விழாத பல்லு, அதுக்காக" என்று சொல்லுங்கள். ஒரு பிள்ளையின் வாயைத் திறந்து, பின்னால் பாதி ஈறு மூடிய நிலையில் இருக்கும் அந்தப் பல்லை டார்ச் அடித்துக் காட்டுங்கள். பார்த்த தாய்மார் மறப்பதில்லை.

விழுங்கினால் விஷமா?

அந்தத் தாயின் பயத்தை வெறும் வதந்தி என்று ஒதுக்க வேண்டாம். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க நெளிநெளியாகப் பேஸ்ட் வைத்துக் காட்டுகிறார்கள். பழ வாசனையும் இனிப்பும் சேர்ந்த பேஸ்டைப் பிள்ளைகள் நக்கித் தின்பதும் உண்டு. சின்ன வயதில் தினமும் நிறைய விழுங்கினால் நிலைத்த பற்களில் வெண்புள்ளிகள் வரலாம். எல்லாம் அளவைப் பொறுத்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள், உங்களுக்குக் கணக்கு கைவந்தது. நம் நாட்டில் பேஸ்டில் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம். தாண்டக் கூடாது, அளவை டியூபில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. 1000 பி.பி.எம். என்றால் ஒரு கிராம் பேஸ்டில் ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு. பட்டாணி அளவு பேஸ்ட் சுமார் கால் கிராம் இருக்கும், அதில் கால் மில்லிகிராம். பிள்ளை துப்பாமல் முழுவதையும் விழுங்கினால்கூட உள்ளே போவது அவ்வளவுதான். உடலின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவு உள்ளே போயிருந்தால் தாமதமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. 15 கிலோ பிள்ளைக்கு அது 75 மில்லிகிராம், அதாவது 75 கிராம் பேஸ்ட். 100 கிராம் டியூபில் முக்கால் டியூப். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பெற்றோருக்குக் காட்டுங்கள். கூடவே, டியூப் எப்போதும் உங்கள் பீரோவில் பூட்டியிருக்கும், பிள்ளைகள் கைக்குப் போகாது என்ற உறுதியையும் கொடுங்கள். அந்த முக்கால் டியூபைவிடக் குறைவாக, ஆனால் பட்டாணி அளவைவிட நிறையவே எந்தப் பிள்ளையாவது எடுத்துத் தின்றுவிட்டால் வயிற்றைப் பிசையும், வாந்தி வரும். உடனே பால் கொடுத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அளவு எளிது. மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, மூன்று முதல் ஆறு வரை பட்டாணி அளவு. உங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் பட்டாணி அளவே போதும். வாங்கும்போது 1000 பி.பி.எம். ஒட்டியதாகப் பாருங்கள். 'குழந்தைகளுக்கானது' என்று படம் போட்டு வருபவற்றில் சிலவற்றில் பாதிதான் இருக்கும், சிலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது. வீட்டில் பெரியவர்கள் துலக்கும் சாதாரண பேஸ்டே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

தண்ணீர் பற்றிய உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தண்ணீர் கரிக்கிறது என்பதால் அதில் ஃப்ளோரைடு இருக்கிறது என்று பொருளில்லை. கரிப்பு உப்பினால் வருவது. ஃப்ளோரைடுக்கு அந்த அளவில் ருசியே கிடையாது, நல்ல தண்ணீர் போல இனிக்கும் போரிலும் அது கூடுதலாக இருக்கலாம். நாக்கை நம்ப முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்துத் தருவார்கள், ஊராட்சி வழியாகக் கேளுங்கள். பள்ளிப் போர் தண்ணீரை மட்டும் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் வீட்டில் உண்மையில் எதைக் குடிக்கிறார்களோ, காவிரிக் கூட்டுக் குடிநீரோ, லாரித் தண்ணீரோ, மணலில் தோண்டிய ஊற்றோ, அதைக் கொடுங்கள். 1.5-க்கு மேலே வந்தால் முதலில் மாற்ற வேண்டியது குடிக்கிற தண்ணீரை. ஒரு நாள் பேஸ்டைவிட ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ளே போவது அப்போது பல மடங்கு. பேஸ்டை நிறுத்த வேண்டாம், அரிசி மணி அளவுக்குக் குறைத்து, நன்றாகத் துப்ப வையுங்கள்.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் சிலருக்கு முன்பல்லில் கறை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சுண்ணாம்புக் கோடு இழுத்தது போலவோ திட்டுத்திட்டான பழுப்பாகவோ, நிலைத்த பற்களில் இருந்தால் அது ஃப்ளோரைடு கறையாக இருக்கலாம். அங்கங்கே குழி விழுந்து, பல்லுக்குப் பல் வேறுபட்டு இருந்தால் பெரும்பாலும் சொத்தை. முதல் வகை நான்கைந்து பிள்ளைகளுக்கு மேல் தெரிந்தால் தண்ணீர்ச் சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

வேப்பங்குச்சி, பல்பொடி, உமிக்கரி

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் உங்களிடம் வாதாடியதாக எழுதியிருக்கிறீர்கள். அவரை மறுத்துப் பேச வேண்டாம். குச்சியை நன்றாக மென்று, நார் பிரித்து, பொறுமையாகத் தேய்க்கிற பெரியவருக்கு அது பயன்படும். ஆறு வயதுப் பிள்ளையால் அதைக் கடைவாயின் பள்ளத்துக்குள் கொண்டுபோக முடியாது. அந்தப் புதுக் கடைவாய்ப் பல் அங்கேதான் இருக்கிறது. குச்சியில் ஃப்ளோரைடும் இல்லை. இன்னொன்று, பழமொழியில் வருகிற வேல் நம் நாட்டுக் கருவேலம். ராமநாதபுரம் முழுக்க மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் பிற்பாடு வெளிநாட்டிலிருந்து வந்த மரம். பிள்ளைகள் வேலி ஓரத்தில் எந்தக் குச்சியை ஒடிக்கிறார்கள் என்று பாருங்கள்.

சிவப்புப் பல்பொடி, உமிக்கரி, அடுப்புச் சாம்பல், கடல் மணல் எல்லாமே கரடானவை. தேய்த்ததும் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், பல்லின் மேல்தோடான எனாமலையும் சேர்த்துத் தேய்ப்பதுதான். ஈறு அருகே பல் பள்ளமாகி, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது என்று வரும் நாற்பது வயதுக்காரர்களில் நிறையப் பேர் சிறு வயதிலிருந்தே இவற்றைப் போட்டுத் தேய்த்தவர்கள். புகையிலைப் பொடி பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். பல்பொடியிலும் பேஸ்டிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-இலேயே தடை செய்துவிட்டது. ஆனால் வீட்டுப் பெரியவர் தன் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வலிக்கிற பல்லில் வைப்பதை எந்தச் சட்டமும் பார்ப்பதில்லை. அந்தப் பையனுக்கு அப்பத்தா செய்தது அன்பினால்தான். வலி மரத்துப்போனது உண்மை, நோய் ஆறவில்லை. ஏழு வயது நாக்கு புகையிலையைப் பழகிக்கொள்கிறது என்பதுதான் என் பெரிய கவலை. அப்பத்தாவிடம் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள்.

இனிப்பு பற்றி ஒரே ஒரு சொல். சொத்தைக்குப் பூச்சி காரணமில்லை. வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன, அமிலம் பல்லைக் கரைக்கிறது, பிறகு அரை மணி நேரம்போல எச்சில் அதைச் சரிசெய்யப் பாடுபடுகிறது. அதனால் எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை தடவை தின்றான் என்பது முக்கியம். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் நம் மண்ணில் விளைந்தவை, வெள்ளைச் சர்க்கரையைவிடச் சத்தானவை என்று சொல்லிக்கொள்ளலாம். பல்லுக்கு அவையும் சர்க்கரைதான். பிள்ளை நாளெல்லாம் வாயில் அடக்கி வைத்திருக்கும் கருப்பட்டித் துண்டு கடை மிட்டாய்க்குச் சளைத்ததில்லை. பிறந்தநாளுக்கு மிட்டாய்க்குப் பதில் அவித்த கடலை, பனங்கிழங்கு என்று வகுப்பில் ஒரு வழக்கம் கொண்டுவர முடிந்தால் நல்லது.

மறுபடி தொடங்கும்போது

பீரோவில் இருக்கும் 17 பிரஷையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். மனசு வராது, உங்கள் கைக்காசு. ஆனால் ஈரத்தோடு ஒன்றோடொன்று ஒட்டி மூடிக் கிடந்த பிரஷ்கள். ஒருவர் வாய்க் கிருமி இன்னொருவருக்குப் போகும். இனி ஒரு பலகையில் இரண்டு அங்குல இடைவெளிவிட்டு ஓட்டை போட்டு, தலை மேலே இருக்கும்படி பிரஷை நிறுத்துங்கள். காற்று படட்டும், ஈ மொய்க்காமல் வலைத்துணியால் மூடுங்கள். படகு தச்சர் யாராவது ஒரு சாயங்காலத்தில் செய்து கொடுத்துவிடுவார். பெயர் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு படம் ஒட்டுங்கள்: சங்கு, நண்டு, வள்ளம், பனை. தன் படத்தை எந்தப் பிள்ளையும் மாற்றி எடுக்காது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், நார் வளைந்துவிட்டால் அதற்கு முன்பும் பிரஷை மாற்ற வேண்டும்.

டியூபை ஒவ்வொரு பிரஷிலும் தொட்டு வைக்காதீர்கள். சுத்தமான தட்டின் ஓரத்தில் பட்டாணி பட்டாணியாகப் பிதுக்கி வையுங்கள், பிள்ளை தன் பிரஷால் எடுத்துக்கொள்ளட்டும். 41 பேருக்கும் கொடுத்தால்கூட, 200 பள்ளி நாளுக்கு இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும், அதாவது 100 கிராம் டியூப் இருபத்தொன்று. ஊரில் நான்கைந்து பேர் பங்கு போட்டால் முடிந்துவிடும் செலவு.

நேரம் நீங்கள் தேர்ந்ததே சரி. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வந்துவிட்டதால், பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டு முடித்து ஓரிடத்தில் இருக்கிறார்கள். வாய்க்குள் பிரஷ் இருப்பதால் அவர்களால் எண்ண முடியாது, நீங்கள் எண்ணுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் பத்து. வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம், பின்னால் அந்தப் புதுப் பல்லுக்கு இன்னொரு பத்து. இரண்டு நிமிடம் ஆகிவிடும். ஏழெட்டு வயது வரை பிள்ளைகளின் கை அவ்வளவு நேர்த்தியாக வராது, அதை எதிர்பார்த்துத் திட்டாதீர்கள். அழுக்குப் போவது பாதிதான், பேஸ்ட் பல்லில் பட்டாலே உங்கள் வேலை நடந்துவிடுகிறது. இரவில் தூங்கும் முன் துலக்குவது வீட்டு வேலை. அதை யாராவது பெரியவர் பிரஷைப் பிடித்துச் செய்துவிட வேண்டும்.

இனி, நீங்கள் எழுதாமல் விட்டாலும் தலைமையாசிரியர் மனதில் கட்டாயம் இருந்திருக்கக்கூடிய பிரச்சினை: தண்ணீர். குடம் என்ன விலைக்கு வாங்கும் ஊர் என்று எனக்குத் தெரியும். துலக்கிய பிறகு கொப்பளிக்கக் கூடாது, டீச்சர். நுரையைத் துப்பிவிட்டால் போதும். கொப்பளித்தால் பல்லில் தங்கி வேலை செய்ய வேண்டிய ஃப்ளோரைடு எல்லாம் தண்ணீரோடு போய்விடும். பிள்ளைகள் ஒரு வாளி மணலிலோ செடிப் பாத்தி ஓரத்திலோ துப்பலாம். பிரஷை அலச ஆளுக்குக் கால் டம்ளர் தண்ணீர். தண்ணீர் இல்லாத ஊரில் இது முடியாது என்று யார் சொன்னாலும், முறைப்படி செய்தால் தண்ணீர் அதிகம் தேவையே இல்லை என்று சொல்லுங்கள்.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். பல் துலக்க வைப்பது சிகிச்சை இல்லை, கை கழுவ வைப்பது போன்றது. ஆனாலும் பேஸ்ட் பிள்ளையின் வாய்க்குள் போகிற பொருள், பெற்றோருக்குத் தெரியாமல் தொடங்கியது உங்கள் பக்கம் உள்ள குறை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அங்கே தீர்மானமாக எழுதி, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வரியில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிட்டால் தலைமையாசிரியரின் பயம் நியாயமாகவே தீர்ந்துவிடும். சம்மதிக்காத வீட்டுப் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள், வெறும் பிரஷோடு வரிசையில் நிற்க வையுங்கள். சத்தம் போட்ட அந்தத் தாயை முதல் நாள் பட்டாணி அளவு பிதுக்கும் வேலைக்குக் கூப்பிடுங்கள். கோடை விடுமுறைக்கு முன் பிரஷை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் தடைக்காலத்தில் நிற்கும், அப்பாமார் நிறையப் பேர் கரையில் இருப்பார்கள். இரவு துலக்கிவிடும் பொறுப்பை அவர்களிடம் கேட்டு வாங்க அதுதான் காலம்.

அந்தச் சுவர்

இன்றே எடுத்துவிடுங்கள். நல்லெண்ணத்தில் செய்தீர்கள், தெரிகிறது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் பல் கறுத்ததற்கு அந்தப் பிள்ளை பொறுப்பில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போது தூங்க வைக்க வாயில் வைத்த சர்க்கரைப் பால் பாட்டில், அம்மா விடியுமுன் பாசி எடுக்கப் போய்விட்டதால் தின்ற பன், முளைக்கும்போதே பலவீனமாக வந்த எனாமல் என்று எத்தனையோ காரணங்கள். எந்த நட்சத்திரத்துக்கு ஆசைப்பட்டாலும் அவனால் அந்தப் பல்லை வெள்ளையாக்க முடியாது. முடியாத ஒன்றைப் போட்டியாக வைத்தால் அவன் கற்றுக்கொள்வது வாயைப் பொத்திக்கொள்வதைத்தான். வாயைப் பொத்துகிற பிள்ளை நாளைக்கு வலித்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்று ஒரு மருந்து உண்டு. ஊசி இல்லாமல், ராவாமல், பல் மருத்துவர் ஒரு சொட்டைச் சொத்தையில் தடவினால் பெரும்பாலும் அது அங்கேயே நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் 12 பிள்ளைகளில் சிலருக்கு அது பொருந்தும், கேட்டுப் பாருங்கள். அந்த மருந்து பட்ட சொத்தை கன்னங்கரேலென்று ஆகிவிடும். உங்கள் சுவரில் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் 'கறுப்புப் பல்' பக்கம் போவார்கள், அவர்களுக்கு நோய் நின்றுபோயிருந்தாலும். நட்சத்திரம் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இன்று எத்தனை பேர் துலக்கினோம் என்று வகுப்புக்கே சேர்த்து ஒன்று ஒட்டுங்கள்.

அந்தப் பையன்

ஈறில் வந்து வந்து போகும் கொப்புளம், வேரில் சீழ் இருக்கிறது, அது வழி கண்டுபிடித்து வெளியே வருகிறது என்பதன் அடையாளம். வழி இருப்பதால் வலி இல்லை. வலி இல்லாததால் குணமாகிவிட்டது என்று வீட்டில் நினைக்கிறார்கள். அந்த வழி அடைத்தால் மறுபடி கன்னம் வீங்கும். வீக்கம் கண் வரை ஏறினாலோ, தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, காய்ச்சலோடு வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, இரவானாலும் 108-ஐக் கூப்பிட வேண்டும். இந்த நான்கையும் தாயிடமும் அப்பத்தாவிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அப்பா கரைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். தாயின் சம்மதமே போதும். நீங்கள் தனியாகக் கூட்டிப் போக வேண்டாம். பல் எடுப்பதா, வேர் சிகிச்சை செய்வதா என்று முடிவு சொல்ல வேண்டியவர் தாய், நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தால் உங்களுக்கும் கஷ்டம். தாயோடு நீங்களோ மேலாண்மைக் குழுவில் ஒருவரோ துணைக்குப் போங்கள். ஒரு நாள் கூலி போகிறதே என்று அவர் தயங்கினால், அடுத்த வீக்கம் ஒன்பது நாளைக் கொண்டுபோகும் என்று நினைவூட்டுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அதைவிடப் பக்கத்து அரசு மருத்துவமனையில் பல் மருத்துவர் எந்த நாட்களில் இருப்பார் என்று விசாரித்துக்கொண்டும் போகலாம். மற்ற 11 பேருக்கு, ஆர்.பி.எஸ்.கே. என்று நீங்கள் அறிந்த குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு ஒரு முறை பள்ளிக்கு வருகிறதே, அதில் பற்சொத்தையும் பார்க்க வேண்டிய நோய்களில் ஒன்று. அவர்கள் வரும்போது உங்கள் பட்டியலைக் கையில் கொடுத்து, மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைச் சீட்டுக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியல் உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும்.

போகிற அன்று பையனை வெறும் வயிற்றில் கூட்டிப் போக வேண்டாம், காலை உணவைப் பள்ளியிலேயே சாப்பிடட்டும். பல் எடுக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே பயமுறுத்தவும் வேண்டாம், வலிக்கவே வலிக்காது என்று பொய் சொல்லவும் வேண்டாம். எறும்பு கடித்தது போல ஒரு சுருக் இருக்கும், அப்புறம் உதடு தடித்தது போல இருக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று மணி நேரம் அந்தப் பக்க உதடும் கன்னமும் மரத்திருக்கும். பிள்ளைகள் விளையாட்டாக அதைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உணர்வு வந்த பிறகு, சூடில்லாமல், கஞ்சி கொடுக்கலாம்.